தண்ணீரே தாழ்ப்பாள்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகர நடுவில் 'லிவர்பூல் ஒன்' என்று ஒரு பெரிய கடை வளாகம் இருக்கிறது. அங்கே நடைபாதையில் வட்டமாக ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழே பழைய செங்கல் சுவர் தெரியும். 1715-ல் திறந்த கப்பல் தளத்தின் சுவர் அது. 'ஓல்ட் டாக்' என்பார்கள். கப்பலை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்ற தண்ணீரில் சரக்கு இறக்கும் வணிகத் தளங்களில் உலகின் முதலாவது என்று அதைச் சொல்கிறார்கள்.

கடலோரத்தில் கப்பலுக்குக் கதவு எதற்கு? மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் கடல் ஏறி இறங்கும் அளவைப் பார்த்தால் புரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் இழுக்கும்போது, அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 மீட்டரைத் தொடும். மூன்று மாடி உயரம். காலையில் மிதந்த கப்பல் மதியம் சேற்றில் சாய்ந்து கிடக்கும். வயிறு நிறையச் சரக்கோடு மரக்கப்பல் தரைதட்டினால் முதுகு முறிந்துவிடும். அதனால் நடு ஆற்றில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கைக் கரை சேர்த்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகும். புயல் வந்தால் அதுவும் இல்லை.

தாமஸ் ஸ்டியர்ஸ் என்ற பொறியாளர் செய்தது, கேட்டால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆற்றோரம் 'பூல்' என்ற ஓடைக்கழி ஒன்று இருந்தது. நகரின் பெயரிலேயே அந்தப் பூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாயைச் சுவரால் அடைத்துக் கதவு வைத்தார். ஏற்றம் உச்சிக்கு வரும்போது உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அப்போது திறந்து கப்பல்களை உள்ளே விட வேண்டும். கடல் இறங்கத் தொடங்கியதும் சாத்திவிட வேண்டும். வெளியே சேறு தெரியும்வரை தண்ணீர் வடிந்தாலும் உள்ளே கப்பல்கள் சொகுசாக மிதக்கும்.

அந்தக் கதவைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். இத்தகைய தளங்களின் இரட்டைக் கதவுகள் சாத்தும்போது நேர்கோட்டில் சேராது. தளத்தின் உட்பக்கம் நோக்கிக் கூராகச் சேரும். கூரை முகட்டைப் படுக்கவைத்தது போன்ற வடிவம். இப்போது உள்ளே 5 மீட்டர் ஆழத் தண்ணீர், வெளியே ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். கதவின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் பன்னிரண்டரை டன் விசை அழுத்தும். அந்த அழுத்தம் இரண்டு கதவுகளையும் ஒன்றோடொன்று இறுக்குகிறது. மிச்ச விசை பக்கச் சுவர்களுக்குப் போய்விடுகிறது. கடல் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு இறுக்கம். தண்ணீரே தாழ்ப்பாள். மட்டம் சமமானால் ஆட்கள் இழுத்தே திறந்துவிடலாம். சமமாகாதவரை எத்தனை பேர் இழுத்தாலும் அசையாது.

இரண்டு வார வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. அப்புறம் நகரம் நிற்கவில்லை. பக்கத்து ஊரான செஸ்டரின் துறைமுகம் டீ ஆற்று மணலில் தூர்ந்துகொண்டிருந்ததும் வசதியாகப் போயிற்று. மெர்சிக்கு அந்தத் தொல்லை குறைவு. உள்ளே அகன்ற கிண்ணம், வாய்ப்பக்கம் குறுகிய கழுத்து என்று அமைந்த ஆறு அது. அவ்வளவு தண்ணீரும் கழுத்து வழியாகப் பாய்ந்து வெளியேறும்போது கால்வாயைத் தானே துப்புரவாக்கிவிடுகிறது.

கப்பல்கள் என்ன சுமந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிருந்து துணியும் உலோகச் சாமானும் ஏற்றி ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், அங்கே மனிதர்களை வாங்கி அட்லாண்டிக்கைத் தாண்டி விற்று, சர்க்கரையோடு திரும்பின. 1807-ல் சட்டம் அதைத் தடுக்கும்வரை லிவர்பூல் கப்பல்கள் கொண்டுபோன ஆப்பிரிக்கர்கள் சுமார் 15 லட்சம் பேர். கதவு மிச்சப்படுத்திய நாட்கள் அந்த வியாபாரத்துக்கும்தான் உதவின. பிறகு அமெரிக்கப் பருத்தி வந்தது. 1830-ல் அதை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக ரயில் வந்தது. தளங்கள் பெருகி, ஆற்றோரம் 11 கிலோமீட்டருக்கு நீண்டன.

கதவு வைத்தாயிற்று, சரி. எப்போது திறப்பது? உச்ச ஏற்றம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. அதாவது ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் போல் தள்ளிப்போகிறது. உயரமும் தினம் மாறுகிறது. தளத்தின் தலைவராக இருந்த வில்லியம் ஹட்சின்சன், 1764 முதல் 1793 வரை, கதவருகே நின்று ஒவ்வொரு ஏற்றத்தின் நேரத்தையும் உயரத்தையும் காற்றையும் குறித்து வைத்தார். கதவின் அடியில் இருந்த வாசற்படிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதே அவருடைய அளவு. வாசற்படியைத் தாண்ட கப்பலுக்கு அதுதானே தேவை! அந்தக் கணக்கை வைத்து ஹோல்டன் சகோதரர்கள் 1770-ல் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல், அச்சிட்டார்கள். சாக்கடை நாற்றமும் இடப் பற்றாக்குறையுமாக 1826-ல் ஓல்ட் டாக்கை மூடி மண் போட்டு நிரப்பிய பிறகும், லிவர்பூலில் ஆழத்தையும் உயரத்தையும் அந்தப் புதைந்த படியிலிருந்தே அளந்து வந்தார்கள்.

இந்தப் பழக்கம் 1919-ல் லிவர்பூல் ஓத ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. அங்கே ஆர்தர் டூட்சன் என்ற ஆய்வாளர் பயன்படுத்திய பித்தளை இயந்திரங்கள் பார்க்கவே அழகு. நிலவின் இழுப்புக்கு ஒரு கப்பி, சூரியனுக்கு ஒன்று, நிலவு நெருங்கி விலகுவதற்கு ஒன்று என்று வரிசையாகக் கப்பிகள். ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஏறி இறங்கும். எல்லாவற்றின் மேலும் கீழுமாக ஒரே கம்பி ஓடும். கம்பியின் முனையில் இருக்கும் பேனா, அத்தனை அசைவின் கூட்டுத்தொகையை வளைகோடாகத் தாளில் வரைந்துவிடும். கைப்பிடியைச் சுற்றினால் எதிர்காலக் கடல் மட்டம். 1943-ல் பெயர் சொல்லாத ஒரு கடற்கரைக்கு, 'இசட்' என்ற குறியீட்டோடு மட்டும், டூட்சனிடம் ஓதக் கணக்கு கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கான கணக்கு அது. குண்டு விழுந்தால் ஒன்றாகப் போய்விடக் கூடாதென்று இரண்டு இயந்திரங்களைத் தனித்தனி இடத்தில் வைத்திருந்தார்கள்.

கப்பல்கள் பெருத்தபோது கதவு சிறுத்துவிட்டது. 2016-ல் திறந்த 'லிவர்பூல் 2' கொள்கலன் முனையம் கதவுக்கு வெளியே, ஆற்றிலேயே இருக்கிறது. அடியில் ஆழமாகத் தூர்வாரியிருப்பதால் இரும்புக் கப்பல்கள் தரைதட்டாமல், ஓதத்தோடு பத்து மீட்டர் ஏறி இறங்கியபடியே சரக்கு இறக்குகின்றன.