எபிடெமியாலஜிக்குத் தமிழ்ல என்ன? தொற்றுநோயியலா, நோய்ப்பரவலியலா?

எந்த நோய் யாருக்கு, எங்க, ஏன் வருதுன்னு மக்கள எண்ணிப் பாத்து ஆராயற படிப்புதான் எபிடெமியாலஜி. பல்கலைக்கழகத்துல அந்தத் துறையில படிக்கிற பொண்ணு ரத்தக்கொதிப்பு பத்தி ஒரு ஆய்வு பண்ணி விருது வாங்கும், அத "தொற்றுநோயியல் மாணவி சாதனை"ன்னு செய்தியில போட்டுடுவாங்க, படிக்கிறவங்க ரத்தக்கொதிப்பு எப்பய்யா தொத்து வியாதி ஆச்சுன்னு முழிப்பாங்க. அந்தப் பொண்ணு மூணு நாலு வருஷம் உழைச்சது என்னன்னே அந்தத் தலைப்புல தெரியாமப் போயிடுது. எனக்கு இதுல உண்மையிலயே வருத்தம், ஏன்னா அந்தத் துறைகள்ல இன்னைக்கு நடக்கிற ஆய்வுல பெரும்பங்கு சர்க்கரை, புத்துநோய், மாரடைப்பு, காத்து மாசு, விபத்து, தற்கொலை, பிரசவத்துல தாய் சாகறதுன்னு தொத்தாத விஷயங்கள் பத்தித்தான். அதனால இந்தச் சொல்ல வேர்லேருந்து பாத்துடலாம்.

கிரேக்கத்துல எபின்னா மேல, டெமோஸ்னா மக்கள், லோகோஸ் வழியா வந்த லஜிங்கிறது நம்ம இயல். மூணையும் சேத்தா மக்கள் மேல வந்து படியறதப் பத்தின படிப்பு. கவனிங்க, இதுல நோய்ங்கிற சொல்லே கிடையாது, தொற்றுங்கிற சொல் சுத்தமா கிடையாது, நடுவுல உக்காந்திருக்கிறது மக்கள் மட்டும்தான். டெமாக்ரசியில இருக்கிற அதே டெமோஸ், மக்கள்தொகையியலுக்குச் சொல்ற டெமாக்ரஃபியில இருக்கிறதும் அதேதான்.

இதுல இன்னொரு விஷயம், எபிடெமிங்கிற சொல் மொதல்ல நோய்க்கு வரவே இல்ல. ஹோமர் காலத்துல எபிடெமியோஸ்னா சொந்த ஊர்ல இருக்கிறவன், ஊருக்குத் திரும்பி வந்தவன்னு அர்த்தம். ஒருத்தர் ஒரு ஊருக்கு வந்து தங்கறதச் சொல்லவும் இதே வேர்ச்சொல்தான். கி.மு. 5ஆம் நூற்றாண்டுல ஹிப்போகிரட்டீஸ்தான் இத மருத்துவத்துக்குக் கொண்டு வந்தாரு, அவர் பேர்ல இருக்கிற தொகுப்புல ஏழு பகுதிக்கு இதேதான் பேர். ஊருக்குள்ள வந்து தங்கற ஆள் மாதிரி ஊருக்குள்ள வந்து தங்கற நோய்னு ஆச்சு. அவர் அங்க எழுதி வெச்சதும் வெறும் கொள்ளைநோய்க் கதை இல்ல, இந்த ஊர்ல இந்தப் பருவத்துல காத்து இப்படி இருந்துச்சு, இன்னின்ன ஆளுக்கு இன்னின்ன மாதிரி உடம்புக்கு வந்துச்சுன்னு குறிப்பு. எங்க, எப்ப, யாருக்குங்கிற இந்த மூணு கேள்வியத்தான் இன்னைக்கும் மொத செமஸ்டர்ல சொல்லித் தர்றாங்க.

லஜி ரொம்பப் பின்னாடி ஒட்டிக்கிட்டது. 1802ல வியால்பாங்கிற ஸ்பெயின் மருத்துவர் தன்னோட நூலுக்கு எபிடெமியோலோகியான்னு தலைப்பு வெச்சாரு, 1850ல லண்டன்ல எபிடெமியாலஜிக்கல் சொசைட்டின்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. அப்ப அவங்க மனசுல இருந்தது காலரா, அம்மை, டைஃபஸ் மாதிரி கொள்ளைநோய்தான், அதுல சந்தேகமில்ல. அந்தச் சங்கத்த ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் ஜான் ஸ்னோங்கிற லண்டன் டாக்டர். அவர்னாலே எல்லாரும் 1854ல பிராட் ஸ்ட்ரீட்டுல காலரா ஒரு தெருப் பம்புத் தண்ணியாலதான் வருதுன்னு அவர் காட்டின கதையத்தான் சொல்வாங்க, எனக்கு என்னமோ அதே வருஷம் அவர் தெற்கு லண்டன்ல பண்ணதுதான் பெருசு. அங்க ரெண்டு கம்பெனி தண்ணி குடுத்தாங்க, ஒரே தெருவுல பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கே வேற வேற கம்பெனிக் குழாய் போயிருக்கும். ஒரு கம்பெனி 1852ல தேம்ஸ் நதியோட மேல்பக்கம், சாக்கடை கலக்காத இடத்துக்குப் போயி தண்ணி எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, இன்னொண்ணு சாக்கடை கலக்கற இடத்துலயே எடுத்துக்கிட்டிருந்தாங்க. ஸ்னோ காலராவுல செத்தவங்க வீடு வீடா போயி உங்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணின்னு கேட்டாரு, நெறையப் பேருக்குத் தெரியல, வாடகைக்காரங்களுக்கு எப்படித் தெரியும். அப்ப அந்த வீட்டுத் தண்ணிய ஒரு சின்ன சீசாவுல பிடிச்சு சில்வர் நைட்ரேட் ஊத்திப் பாத்தாரு, உப்பு அதிகமா இருந்தா வெள்ளையா திரிஞ்சு படியும், சாக்கடையும் கடல் ஏத்தத் தண்ணியும் கலந்த கம்பெனி எதுன்னு அதுலயே தெரிஞ்சுடும். கடைசிக் கணக்கு: சாக்கடை கலந்த தண்ணி குடிச்ச 10,000 வீட்டுக்கு 315 சாவு, மேல்பக்கத் தண்ணி குடிச்ச 10,000 வீட்டுக்கு 37. அப்ப காலராக் கிருமி என்னன்னு மருத்துவ உலகம் ஏத்துக்கவே இல்ல, ராபர்ட் கோஹ்ங்கிற ஜெர்மன் டாக்டர் வந்து நிரூபிச்சதெல்லாம் 1880கள்ல. ஆக கிருமி தெரியாமயே, மனுஷங்கள ரெண்டு பக்கமா பிரிச்சு எண்ணிப் பாத்தே காரணத்துக்கிட்ட போக முடியுதுன்னா, இந்தப் படிப்போட உயிர் தொற்றுல இல்ல, எண்ணி ஒப்பிடறதுலதான் இருக்கு.

இன்னும் அழுத்தமா வேணும்னா பெலாக்ராவப் பாருங்க. வெயில் படற தோலெல்லாம் கருத்து உரிஞ்சு, வயித்தால போயி, புத்தி பேதலிச்சு சாவுல முடியற வியாதி. 1900களோட ஆரம்பத்துல அமெரிக்காவோட தென்மாநிலங்கள்ல ஆயிரக்கணக்குல வந்துச்சு, அது தொத்து வியாதின்னுதான் பெரிய பெரிய குழுவெல்லாம் சொன்னாங்க. 1914ல ஜோசப் கோல்ட்பெர்கர்ங்கிற அரசாங்க டாக்டர அனுப்பினாங்க. அவர் அனாதை இல்லம், மனநல விடுதின்னு சுத்திப் பாத்ததுல கண்ணுல பட்டது ஒண்ணே ஒண்ணு: உள்ள இருக்கிறவங்களுக்கு வருது, அவங்களயே ராப்பகலா தொட்டுப் பாத்துக்கிற நர்சுக்கும் ஊழியருக்கும் வரல. தொத்துறதா இருந்தா அவங்கள மட்டும் விட்டு வெக்குமா? அனாதை இல்லங்கள்ல சோளமாவும் வெல்லப்பாகும் மட்டுமே இருந்த சாப்பாட்டுல பால், முட்டை, கறி, பயறுன்னு சேத்துக் குடுத்ததும் வியாதி போயிடுச்சு. அப்பவும் நம்பாதவங்களுக்காக 1916ல நோயாளிங்க ரத்தத்தத் தன் உடம்புலயே ஏத்திக்கிட்டாரு, தோல் செதிலயும் மலத்தையும் மாவுல உருட்டி முழுங்கினாரு, அவர் மனைவியும் ஊசி போட்டுக்கிட்டாங்க, ஒருத்தருக்கும் வரல. அப்புறம் சிடன்ஸ்ட்ரிக்கர்ங்கிற பொருளாதார அறிஞரோட சேந்து மில் கிராமங்கள்ல வீட்டு வருமானத்த எழுதிப் பாத்தா, வருமானம் கொறைய கொறைய பெலாக்ரா கூடிக்கிட்டே போகுது. குறையற சத்து நியாசின்னு 1937லதான் தெரிஞ்சுது, கோல்ட்பெர்கர் 1929லயே போயிட்டாரு. ஒரு வியாதி தொற்று இல்லன்னு நிரூபிச்சதுதான் இந்தத் துறையோட மிகப் பெரிய சாதனைகள்ல ஒண்ணு, அந்தத் துறைக்கே தொற்றுநோயியல்னு பேர் வெச்சா அந்த மனுஷனோட உழைப்பு எங்க போகும் சொல்லுங்க.

மாணவர் சாதனைன்னு பேசறதால எர்ன்ஸ்ட் விண்டர் பேரச் சொல்லாம விட முடியாது. செயின்ட் லூயிஸ்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல மருத்துவ மாணவரா இருந்தப்பவே நுரையீரல் புத்துநோய்க்காரங்ககிட்ட நீங்க எவ்ளோ புகை பிடிப்பீங்க, எத்தனை வருஷமான்னு உக்காந்து கேட்டு எழுதிக்கிட்டாரு. அவருக்கு வழிகாட்டி எவர்ட்ஸ் கிரஹாம், நுரையீரல் புத்துநோய்க்கு ஒரு பக்க நுரையீரலையே வெற்றிகரமா எடுத்துக் காட்டின சர்ஜன், அவரே பயங்கரமா சிகரெட் பிடிக்கிறவர், மொதல்ல இத நம்பவே இல்ல, ஆனாலும் பையன பண்ணச் சொல்லி விட்டாரு. 1950 மே மாசம் 684 நோயாளிங்கள வெச்சு, புகைக்கும் இந்தப் புத்துநோய்க்கும் தொடர்பு இருக்குன்னு ரெண்டு பேரும் வெளியிட்ட கட்டுரை, அதே வருஷம் செப்டம்பர்ல இங்கிலாந்துல டால், ஹில்னு ரெண்டு ஆய்வாளருங்க இதையே வெளியிட்டதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. கிரஹாம் சிகரெட்ட விட்டாரு, ஆனா நேரம் கடந்து போச்சு, 1957ல அதே நுரையீரல் புத்துநோய்லதான் இறந்தாரு. ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. லேப்ல ஒரு கிருமியப் பாத்து வந்தது கிடையாது.

சரி, இன்னைக்கு இந்தப் படிப்புக்குக் குடுக்கிற வரையறை என்னன்னா, ஒரு குறிப்பிட்ட மக்கள்கிட்ட உடல்நலம் சம்பந்தமான நிலைகள் எப்படிப் பரவியிருக்கு, எது அத நிர்ணயிக்குதுன்னு ஆராயறது, அந்த அறிவ நோயக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தறது. இதுல பரவியிருக்குன்னு நான் சொன்னது ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் பரவறது இல்ல, எங்க அதிகம் எங்க கம்மின்னு விரிஞ்சு கிடக்கறது. தமிழ்ல பரவல்ங்கிற சொல்லுக்கு இந்த ரெண்டு அர்த்தமும் இருக்கு, புள்ளியியல் பாடத்துல இயல்நிலைப் பரவல்னு படிச்சிருப்பீங்களே அது ரெண்டாவது. ஈழத்துப் பாடநூல்கள்ல அதுக்குப் பரம்பல்னு தனிச் சொல்லே வெச்சிருக்காங்க, செவ்வன் பரம்பல், சனத்தொகைப் பரம்பல்னு. அதனால நோய்ப்பரவலியல்னு சொல்றப்ப தொத்திப் பரவறதும் உள்ள வருது, தொத்தாம மக்கள்கிட்ட விரிஞ்சு கிடக்கறதும் உள்ள வருது. ஆங்கிலச் சொல்லக் காட்டிலும் இது பொருத்தம்னு நான் அடிச்சுச் சொல்வேன், வரையறையில இருக்கிற மையச் சொல்லே நம்ம பேருக்குள்ள வந்துடுதே.

மத்த சொல்லெல்லாம் ஏன் வேணாம்? தொற்றுங்கிறது தொத்திக்கிறது, ஒட்டிக்கிறது, ஒட்டுவாரொட்டின்னு இதுக்கு அழகான பழைய சொல்லே உண்டு. ஆக தொற்றுநோயியல்னா தொத்தற நோயப் பத்தின படிப்பு, அதுக்குன்னு ஆஸ்பத்திரியில தனி டிபார்ட்மென்டே இருக்கு, இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்னு, அந்தச் சொல்ல அவங்களுக்கே விட்டுடணும். கொள்ளைநோயியல் இன்னொண்ணு. கொள்ளைன்னாலே ஊர வாரிக்கிட்டுப் போற நோய்தான், கொள்ளையில போவான்னு திட்டறதும் அதுலேருந்து வந்ததுதான், எபிடெமிக்குக்கு கொள்ளைநோய்ங்கிறது ரொம்ப நல்ல சொல். சொல்லுக்குச் சொல் வெச்சா 1850 சங்கத்துக்கு கொள்ளைநோயியல் பொருந்தும், ரத்தக்கொதிப்பு ஆராயற மாணவிக்குப் பொருந்தாது. மக்கள் நலவியல்னு சிலர் எழுதறாங்க, அது பப்ளிக் ஹெல்த் மொத்தத்துக்கும் போயிடும், தடுப்பூசி போடறது, தண்ணி சுத்தம் பண்றது, சட்டம் போடறதெல்லாம் அதுல அடங்கும், நோய்ப்பரவலியல் அதுல ஒரு கிளை.

பரவல்னு பேர் வெச்சா ஒரு சிக்கலும் வருது, அதையும் சொல்லிடணும். பிரிவலென்ஸ், இன்சிடென்ஸ்னு ரெண்டு கணக்கு இருக்கு, பிரிவலென்ஸுக்கும் பரவல்னுதான் எழுதறாங்க. ஒரு கணக்குக்கு 1,000 பேர் இருக்கிற இடத்துல இன்னைக்கு 50 பேருக்குச் சர்க்கரை இருக்குன்னா பிரிவலென்ஸ் 5 சதவீதம். மிச்சம் 950 பேர ஒரு வருஷம் கவனிச்சதுல 19 பேருக்குப் புதுசா வந்துச்சுன்னா வருஷத்து இன்சிடென்ஸ் 2 சதவீதம். மொதல் கணக்குக்கு இருப்பு வீதம், ரெண்டாவதுக்குப் புது நோயர் வீதம்னு சொன்னா குழப்பமே இருக்காது. இது ஏன் முக்கியம்னா, எச்ஐவிக்கு நல்ல மருந்து வந்ததும் நோயாளிங்க நெறைய வருஷம் உசுரோட இருக்காங்க, அதனால புதுசா வர்றது கொறைஞ்சாலும் இருப்பு வீதம் ஏறலாம், அது நல்ல சேதி. ரெண்டுக்கும் ஒரே பரவல்னு செய்தியில எழுதினா நல்ல சேதி கெட்ட சேதியா மாறிடும்.

ஆய்வுத் தலைப்புகள்ல அடிக்கடி வர்ற இன்னொண்ணு கோஹார்ட். ரோமப் படையில ஒரு பிரிவுக்குப் பேர் அது, வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட் காசநோய் பத்தி எழுதி அவர் இறந்தப்புறம் 1939ல வந்த கட்டுரையில இந்தத் துறைக்குள்ள வந்துச்சு. ஒரு கூட்டத்தப் பிடிச்சு வருஷக்கணக்கா பின்னாடியே போறது. டாலும் ஹில்லும் 1951ல பிரிட்டிஷ் டாக்டருங்களுக்குக் கடிதம் போட்டாங்க, 40,000க்கு மேல பதில் வந்துச்சு, அதுல ஆம்பளை டாக்டருங்கள 50 வருஷம் தொடர்ந்து கவனிச்சு, விடாம புகை பிடிச்சவங்க சராசரியா 10 வருஷம் முன்னாடியே சாகறாங்கன்னு 2004ல டாலும் அவர் சகாக்களும் எழுதினாங்க. இதுக்குத் தொடர்குழு ஆய்வுன்னு நான் எழுதறேன், படிச்ச உடனே புரியுது. கன்ஃபவுண்டருக்குக் குழப்பும் காரணி சரியா வருது: காபி அதிகம் குடிக்கிறவங்களுக்கு நுரையீரல் புத்துநோய் அதிகம்னு கணக்கு வந்தா, காபியோட சேத்து சிகரெட்டும் பிடிக்கிறாங்களான்னு பாக்கணும், அந்தச் சிகரெட்தான் குழப்பும் காரணி. மாணவருங்க தீசிஸ்ல பாதி உழைப்பு இதப் பிரிச்செடுக்கறதுக்கே போகும்.

எழுதறப்ப இப்படி வெச்சுக்கலாம். எபிடெமிக் கொள்ளைநோய், ஒரு வட்டாரத்துலயே நிலைச்சு நிக்கிற எண்டெமிக்குக்கு வட்டார நோய், 2020லேருந்து எல்லார் வாயிலயும் இருக்கிற பெருந்தொற்று பேண்டமிக்குக்கு அப்படியே இருக்கட்டும். எபிடெமியாலஜி நோய்ப்பரவலியல், அதப் பண்றவங்க நோய்ப்பரவலியலாளர், துறைப் பேர்ல பயோஸ்டாடிஸ்டிக்ஸும் சேந்து வந்தா நோய்ப்பரவலியல், உயிரியப் புள்ளியியல் துறை. விருதுச் செய்தின்னா "நோய்ப்பரவலியல் மாணவிக்கு விருது: ரத்தக்கொதிப்பு யாருக்கு, எங்க அதிகம்னு தொடர்குழு ஆய்வு"ன்னு போடலாம், அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சுன்னு தலைப்புலயே தெரிஞ்சுடும்.