வெயில் கொட்டும் ஊரில் வெயில் காணாத ஆமைகள்

ராமநாதபுரம் கடற்கரையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் வராது. இருந்தும் என்னிடம் வருகிற வீட்டு ஆமைகளில் நான் அதிகம் பார்ப்பது, வெயில் படாததால் வரும் எலும்பு நோயைத்தான். ஓட்டை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும். நடக்கும்போது உடலைத் தூக்க முடியாமல் வயிற்றுப் பக்கம் தரையில் இழுபடும். எக்ஸ்-ரே எடுத்தால் எலும்பு இருக்க வேண்டிய இடம் மங்கலாகத் தெரியும். வளர்த்தவருக்குப் பாசம் இல்லையா என்றால், அளவுக்கு மீறியே இருக்கும். "வெளிய விட்டா நாய் கடிச்சிரும் டாக்டர், வெயிலும் தாங்காது, அதான் ஹாலுக்குள்ளயே வச்சிருக்கோம்" என்பார்கள். நாய் பயம் நியாயமானது. வெயில் தாங்காது என்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

இங்கே நான் பேசுவது முக்கியமாக சல்காட்டா ஆமையைப் பற்றி. சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில், வறண்ட புல்வெளிகளில் வாழும் ஆப்பிரிக்க இனம். முட்டையிலிருந்து வரும்போது 5 செ.மீ. அளவுதான், உள்ளங்கையில் அடங்கிவிடும். விற்பவர் அந்த அளவில்தான் காட்டுவார், வாங்குபவரும் அந்த அளவுக்குத்தான் வீட்டில் இடம் பார்ப்பார். வளர்ந்த சல்காட்டா 40, 50 கிலோ வருவது சாதாரணம், ஆண் ஆமை அதையும் தாண்டும். ஒரு சிமெண்ட் மூட்டை தானாக நகர்ந்து வீட்டைச் சுற்றி வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கலாபகஸ், அல்டாப்ரா தீவுகளில் இருக்கிற ராட்சத ஆமைகளை விட்டால் இதைவிடப் பெரிய தரை ஆமை உலகில் இல்லை. ஆயுசும் அதற்கேற்ப நீளம். நல்லபடியாக வளர்த்தால் 70 வருடத்துக்கு மேலும் இருக்கும்.

சரி, வெயிலுக்கு வருவோம். ஆமை சாப்பிடும் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3, சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் உருவாகும். ஜன்னல் ஓரம் தினமும் வெயில் காய்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், இந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஆக, கண்ணாடிக்குப் பின்னால் ஆமைக்குக் கிடைப்பது சூடு மட்டும்தான். அதற்கென்று விற்கிற புற ஊதா விளக்குகள் இருக்கின்றன, ஆனால் பல விளக்குகளில் ஆறு மாதம், ஒரு வருடத்திலேயே கதிர் குறைந்துவிடும். வெளிச்சம் மட்டும் பழையபடி வந்துகொண்டிருக்கும் என்பதால் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. மாடத்தில் எரிகிற அந்த விளக்கைக் காட்டி "இதெல்லாம் இருந்தும் ஏன் சார்?" என்று கேட்பார்கள். வாசலுக்கு வெளியே இலவசமாகக் கிடைப்பதை ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கி, அதுவும் பாதிதான் வேலை செய்கிறது என்றால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

அப்புறம் தரை. இப்போது கட்டுகிற வீடுகளில் எல்லாம் வழுவழுப்பான டைல்ஸ். ஆமையின் கால்கள் மண்ணைப் பிடித்து உந்தி நடக்கவென்று அமைந்தவை. டைல்ஸில் பிடிமானம் இல்லாமல் நான்கு காலும் நான்கு பக்கம் விலகும். வளரும் வயதில் தினமும் இப்படி நடந்தால் மூட்டுகள் கோணலாகவே நிலைத்துவிடும். நகம் தேயாமல் நீண்டு வளையும். போதாததற்கு நாம் தரையைத் துடைக்கும் பினாயில். நமக்கு அது தரை, ஆமைக்கோ படுக்கை, சாப்பாட்டுத் தட்டு, முகத்துக்கு நேரே இருக்கும் காற்று எல்லாமே அதுதான். பினால் சேர்ந்த கிருமிநாசினிகள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. ஆமை இருக்கும் அறையில் பினாயில் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குள் சுற்றும் ஆமை கண்ணில் பட்டதைக் கடித்துப் பார்க்கும். சிவப்பும் மஞ்சளும் அதை இழுக்கும். பொம்மைத் துண்டு, ரப்பர் பேண்ட், தலைமுடி சிக்கிய கிளிப் எல்லாம் வயிற்றுக்குள் போகும். மருதாணி வைத்த கால் விரலைப் பூ என்று நினைத்துக் கவ்வியதும் உண்டு. பெரிய ஆமை என்றால் இன்னொரு தொல்லை. எதிரில் இருப்பதைச் சுற்றிக்கொண்டு போகிற பழக்கம் அதற்கு இல்லை, தள்ளிக்கொண்டுதான் போகும். கேஸ் அடுப்பு ரப்பர் குழாய், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் வயர், இஸ்திரிப் பெட்டி வைத்த ஸ்டூல் எல்லாம் அதன் பாதையில்தான் இருக்கின்றன. இருட்டான மூலை கிடைத்தால் அங்கேயே புகுந்து ராத்திரி தூங்கும். அந்த மூலை பெரும்பாலும் பிரிட்ஜுக்குப் பின்னால்தான்.

சாப்பாடு விஷயத்தில் நம் மக்களிடம் பேசிப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். நாம் சாப்பிடும்போது காலடியில் வந்து கழுத்தை நீட்டினால் கொடுக்காமல் இருக்க மனசு வராது. இட்லி, சோறு, பிஸ்கட், வாழைப்பழம், சில வீடுகளில் மீன் துண்டுகூடக் கொடுக்கிறார்கள். சல்காட்டா புல் தின்னும் விலங்கு. நார்ச்சத்து இல்லாத மாவும் சர்க்கரையும் அதன் குடலைக் கெடுக்கும், புரதம் அதிகமானால் சிறுநீரகத்துக்குச் சுமை. முக்கால்வாசித் தீனி புல்லாகவும் காய்ந்த புல்லாகவும் இருக்கட்டும். அருகம்புல் அருமையானது. முருங்கை, அகத்தி இரண்டிலும் கால்சியம் நிறைய. செம்பருத்தி இலையும் பூவும் தரலாம். நம் வேலி ஓரம் கேட்பாரற்றுக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியின் முள்ளைச் சீவிவிட்டுத் துண்டு போட்டால் விரும்பித் தின்னும். கால்சியத்துக்குக் கடைப் பவுடரைத் தேட வேண்டியதில்லை. மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருகிற அதே பொருள், கிட்டத்தட்ட முழுவதும் கால்சியம் கார்பனேட்தான். உப்பு போக இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, காயவைத்துப் போட்டுவையுங்கள். தேவைப்படும்போது தானே வந்து கடித்துக்கொள்ளும்.

உப்பு என்றதும் தண்ணீர் ஞாபகம் வருகிறது. கடலோர ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. நாம் குடிப்பது காவிரித் தண்ணீர், ஆமைக்கு ஊற்றுவது போர் தண்ணீர். பாலைவன விலங்குதானே, தண்ணீரே தேவையில்லை என்று நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் கொண்டுபோய் விடுவது சிறுநீரகக் கோளாறிலும் மூத்திரப்பைக் கல்லிலும்தான். ஆமை சிறுநீரோடு வெள்ளைக் கூழ்போல யூரிக் அமில உப்பை வெளியேற்றும். நீர்ச்சத்து குறைந்தால் அந்தக் கூழ் கெட்டியாகிக் கல்லாகும். வெள்ளையாகப் போவது மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் அது முதல் எச்சரிக்கை. நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள், வாரத்துக்கு ஓரிரு முறை தாடை அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார விடுங்கள்.

பெண் ஆமைகளுக்கு வீட்டுக்குள் வரும் ஆபத்து பலருக்குத் தெரியாது. சல்காட்டா குட்டியில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியாது, ஓடு ஓரடிக்கு மேல் வளர்ந்த பிறகுதான் தெளிவாகும். அதுவரை ராஜா, பாட்ஷா என்று ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பாட்ஷா சாப்பாட்டை நிறுத்திவிட்டு, பின்னங்காலால் டைல்ஸைப் பறிக்க ஆரம்பிக்கும். எக்ஸ்-ரே எடுத்தால் உள்ளே வரிசையாக முட்டைகள். ஆண் துணை இல்லாமலே பெண் ஆமைக்கு முட்டை உருவாகும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். ஆனால் குழி தோண்ட மண் இல்லாவிட்டால் பல ஆமைகள் முட்டையிடாமல் உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் உயிருக்கு ஆபத்து. ஊசி போட்டு வெளியேற்றப் பார்ப்போம், முடியாவிட்டால் ஓட்டை அறுத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சை வரை போகும். இரண்டடி ஆழத்துக்கு ஈரமண் கிடைத்திருந்தால் பல ஆமைகளுக்கு இந்த நிலைமையே வராது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஆமை சோர்ந்து ஒடுங்கிக் கிடக்கும். "குளிர்காலத் தூக்கம்னு யூடியூப்ல சொன்னாங்க" என்று விட்டுவிடாதீர்கள். குளிர் நாட்டு ஆமைகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு, சல்காட்டாவுக்குக் கிடையாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் அதற்கு வருவது சளி. மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு, கழுத்தை நீட்டி நீட்டி இழுப்பது என்று தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆமைக்கு உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சுக்கு உதவும் தசை, கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியைத் துப்பவும் முடியாது.

இதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கும் நாய்க்கும் குடல்புழுவுக்கும் உண்ணிக்கும் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியை ஆமைக்குப் போடவே கூடாது. கை கால் துவண்டு, மூச்சு நின்று செத்துப்போகும். ஆட்டுக்கு மருந்து போட வந்தவரிடம் "அப்படியே இதுக்கும் ஒண்ணு போட்டு விடுங்களேன்" என்று சொல்வது நம் பக்கம் சகஜம். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆமைக்கு வேறு குடல்புழு மருந்து இருக்கிறது, சாணத்தைப் பரிசோதித்துவிட்டு எடை பார்த்துக் கொடுக்க வேண்டியது அது.

இனி சட்டம். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பார்கள். நட்சத்திர ஆமை விஷயத்தில் ஆமை புகுந்த வீட்டுக்கு அமீனாவும் பின்னாலேயே வந்துவிடுவார். முதுகில் நட்சத்திரக் கோடுகளோடு இருக்கும் அந்த ஆமையை வாஸ்துவுக்கு, அதிர்ஷ்டத்துக்கு என்று சொல்லி ரகசியமாக விற்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிறது. கண்மாயில் கிடைக்கும் பாலாமையும் முதல் அட்டவணைதான். வீட்டில் வைத்திருந்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கடலாமைகளுக்கும் இதே பாதுகாப்பு. பேராமை, சித்தாமை, அழுங்காமை எதுவானாலும் சரி, கரையில் வழி தவறிய குஞ்சைக் குழந்தை ஆசைப்பட்டது என்று வீட்டுக்கு எடுத்து வந்து டப்பில் விடக் கூடாது. வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும்.

சல்காட்டா வெளிநாட்டு இனம், அதனால் விதி வேறு. வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. அந்தப் பட்டியல்களில் வரும் விலங்கை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகள் வெளியிட்டிருக்கிறது. குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவர் கைக்கு மாறினாலும் தெரிவிக்க வேண்டும். ரசீதும் பேப்பரும் தர முடியாத கடையில் வாங்காதீர்கள். வளர்க்க முடியவில்லை என்று கண்மாய் ஓரத்திலோ காட்டிலோ கொண்டுபோய் விடுவது எந்த ஆமைக்கும் கூடாது. விட்ட ஆமையும் பிழைக்காது, அதன் நோய் அங்கிருக்கும் நம் ஆமைகளுக்கும் பரவலாம்.

பதிவும் இருக்கிறது, வளர்த்தே ஆக வேண்டும் என்றால் கொல்லைப்புறத்துக்கு மாற்றுங்கள். நம் பக்கத்து வீடுகளில் இடம் இருக்கிறது, பல வீடுகளில் அது சும்மாதான் கிடக்கிறது. சுற்றுச்சுவர் இரண்டடி உயரம் போதும், ஆனால் மண்ணுக்குள்ளும் இரண்டடி இறங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் சல்காட்டா தோண்டும். ஆப்பிரிக்காவில் பல மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டி வெயிலிலிருந்து தப்பிக்கும் இனம் அது. நம் கடற்கரை மணலில் அந்த வளை சரிந்து ஆமை மேலேயே விழுந்துவிடலாம். தளர்ந்த மணலாக இருந்தால் செம்மண் அடித்து இறுக்குங்கள், இல்லையென்றால் அதற்கு முன்பே நீங்களே ஒரு நிழல் கொட்டகை போட்டுக் கொடுத்துவிடுங்கள். பனையோலை வேய்ந்தால் உச்சி வெயிலிலும் உள்ளே குளுமையாக இருக்கும். மழைக்காலத்துக்குத் தரையை அரையடி உயர்த்தி வைக்கோல் பரப்புங்கள். கம்பிவலை வேண்டாம், வெளியே தெரிந்தால் நாள் முழுக்க அதை முட்டிக்கொண்டே நிற்கும். நாய் உள்ளே வராதபடி கதவு கட்டாயம் வேண்டும், ஓட்டைக் கடித்துப் பிய்த்த காயங்கள் ஆற மாதக்கணக்காகும்.

சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் ஒரு வார்த்தை. ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையின் குடலிலும், நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், சாணத்தோடு தரையெல்லாம் பரவும். 4 அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-லேயே தடை போட்டதற்குக் காரணம், குழந்தைகள் அவற்றை வாயில் வைத்து இந்த நோயை வாங்கிக்கொண்டதுதான். தவழும் குழந்தையும் ஆமையும் ஒரே தரையைப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. ஆமைத் தொட்டியை அடுப்படித் தொட்டியில் கழுவாதீர்கள்.

மருத்துவரிடம் கொண்டு வரும்போது ஆமையை மல்லாக்கப் போடாதீர்கள், பெரிய ஆமைக்கு மூச்சு முட்டும். அன்றைய சாணத்தில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்து வாருங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஆமை நோயைக் காட்டிக்கொள்வதற்கு ரொம்ப நாள் முன்பே எடை இறங்க ஆரம்பித்துவிடும். வீட்டுத் தராசு தாங்காத அளவு வளர்ந்துவிட்டால் பழைய இரும்புக் கடையில் கேட்டால் எடை போட்டுத் தருவார்கள். மீன் ஏலக்கூடத் தராசில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள், காரணம் அதே சால்மோனெல்லா.