நினைவில் ஒரு மேடு: வியட்நாம் காலத்து இளைஞர்களும் அவர்களின் ராக் பாட்டும்

1969 டிசம்பர் 1, இரவு. வாஷிங்டனில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. உள்ளே 366 நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேதி எழுதிய துண்டுச்சீட்டு. வியட்நாம் போருக்கு எந்தப் பிறந்தநாள்காரர்களை முதலில் அழைப்பது என்று அமெரிக்க அரசு குலுக்கல் போட்டுக்கொண்டிருந்தது. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்கள் டிவி, ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. (குப்பிகளை மாதவாரியாகப் பெட்டியில் போட்டு, சரியாகக் கலக்காமல் ஜாடியில் கொட்டிவிட்டார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக மாட்டிக்கொண்டார்கள் என்று புள்ளியியலாளர்கள் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். டிசம்பரில் பிறந்தவன் பாடு திண்டாட்டம்.)

அன்று 19 முதல் 25 வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். 1994இல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர்களைக் கேட்டால் நெற்றியைச் சுருக்குவார்கள். 1969ஐக் கேட்டால் நிறுத்த முடியாது. யார் வீட்டு டிவி, பக்கத்தில் யார், தன் தேதி எத்தனையாவதாக வந்தது, எல்லாம் வரும். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு பழைய கிட்டார் ஒலி கேட்டுவிட்டால் கண்ணும் கலங்கும். "எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா" என்பது எல்லாத் தலைமுறையும் சொல்வதுதான். பாட்டின் தரத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. மூளை நினைவுகளைச் சேர்த்துவைக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

இதை முதலில் அளந்து பார்த்தவர் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர். மனிதர்களை நல்ல வித்து, கெட்ட வித்து என்று பிரிக்கப் போய்க் கெட்ட பெயர் வாங்கிய அதே கால்டன்தான். ஆனால் இந்தச் சோதனை அழகானது. 75 சொற்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதிவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, உடனே மனதில் என்ன வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று தன்னையே சோதித்துக் குறித்துக்கொண்டார். 1879இல் முடிவை வெளியிட்டபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டி வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் வந்து விழுந்தவற்றில் ஏறத்தாழ 40 சதவீதம் சிறுவயதிலும் இளமையிலும் நடந்தவை.

நூறு ஆண்டு கழித்து டேவிட் ரூபின் முதலான உளவியலாளர்கள் இந்த முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். நடுவயதைத் தாண்டியவர்களிடம் "மழை", "ஜன்னல்" என்பது போலச் சாதாரணச் சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் நினைவுபடுத்தும் சம்பவத்தையும் அப்போதைய வயதையும் கேட்பது. பதில்களை வயதுவாரியாக வரைபடம் போட்டால் ஒரு முனையில் மிகக் குட்டி வயது, அங்கே ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மறுமுனையில் அண்மை மாதங்கள், அங்கே நிறைய. அங்கிருந்து பின்னோக்கிப் போகப் போகக் கோடு இறங்குகிறது. மறதியின் இயல்பு அது. அப்படியே இறங்கிக்கொண்டே போகவேண்டிய கோடு, 10 முதல் 30 வயது வரையிலான பகுதிக்கு வந்ததும் மறுபடி ஏறி நிற்கிறது. 1986இல் ரூபினும் அவரது சகாக்களும் பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் போட்டபோது இந்தத் திமில் துலக்கமாகத் தெரிந்தது. நாம் இதை நினைவு மேடு என்று வைத்துக்கொள்வோம்.

பாட்டுக்கும் இதே மேடு உண்டு. 1989இல் மாரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இருவர், 1932 முதல் 1986 வரை வந்த 28 பாடல்களின் துணுக்குகளை 108 பேருக்குப் போட்டுக்காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். கேட்பவரின் வயது எதுவானாலும், அவர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இருந்தபோது வந்த பாட்டுக்கே அதிக மதிப்பெண். பிறகு வந்த ஆய்வுகள் சில இன்னும் கீழே இறங்கிப் பதின்ம வயதைக் காட்டுகின்றன. நாட்டு நிகழ்வுகளின் நினைவும் அப்படித்தான். 1985இல் ஹோவர்ட் ஷூமன், ஜாக்குலின் ஸ்காட் இருவரும் சுமார் 1,400 அமெரிக்கர்களிடம் கடந்த ஐம்பது ஆண்டில் முக்கியமான நிகழ்வு எது என்று கேட்டார்கள். 1940களில் இளைஞராக இருந்தவர் உலகப் போர் என்றார். 1960களில் இளைஞராக இருந்தவர் வியட்நாம் என்றார். எது வரலாற்றில் பெரியது என்பதைவிட, நடந்தபோது தனக்கு என்ன வயது என்பதுதான் பதிலைத் தீர்மானித்தது.

சரி, மேடு ஏன் அங்கே வருகிறது?

இளமூளை சுறுசுறுப்பானது, அதனால் நன்றாகப் பதிகிறது என்பது எளிய விடை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. உணர்ச்சி பொங்கும்போது அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொண்டு, பக்கத்தில் நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸை உசுப்பிவிடுகிறது. நாரட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, அந்த நேரத்தில் நடந்தது அழுத்தமாகப் பதிகிறது. பதின்ம வயதில் இன்பத்துக்கான டோபமைன் பாதைகளும் அதிகக் கூர்மையோடு இருக்கின்றன. போலீஸ் தடியோடு எதிரே நிற்க, பின்னால் ஆயிரம் பேர் சேர்ந்து பாடும்போது பத்தொன்பது வயது உடம்பில் இவையெல்லாம் ஒன்றாக நடக்கும்.

எனக்கு இந்த விடை போதவில்லை. மூளையின் வயதுதான் காரணம் என்றால் மேடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அப்படி இல்லை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களை ராபர்ட் ஷ்ராஃபும் ரூபினும் ஆராய்ந்தார்கள். முப்பதுகளின் நடுவில் குடியேறியவர்களுக்கு மேடும் அந்த வயதை நோக்கி நகர்ந்திருந்தது. இதைவிட அழுத்தமான சான்று வங்கதேசத்தில் கிடைத்தது. மார்ட்டின் கான்வேயும் ஷம்சுல் ஹக்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், வயதில் மூத்த வங்கதேசத்தவருக்கு வழக்கமான இளமை மேட்டோடு இரண்டாவதாக இன்னொரு மேடும் இருந்தது, 35 முதல் 55 வயது வரை. கணக்குப் பார்த்தால் அது 1971 விடுதலைப் போரும் அதற்கு முந்தைய போராட்டமும் நடந்த காலம். வாழ்க்கை மறுபடி தலைகீழானபோது மூளை நாற்பதைத் தாண்டியிருந்தாலும் மறுபடி மேடு கட்டியிருக்கிறது.

ஆக, மேடு எழுவது 'நான் யார்' என்ற கேள்விக்குப் பதில் மாறும் இடத்தில். இளமையில் அது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கிறது. முதல் வேலை, முதல் காதல், அப்பா சொல்லை முதன்முறையாக மீறியது. அதன்பிறகு வரும் ஆயிரம் அலுவலக நாட்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து குழம்பிப்போகின்றன. முதல் நாள் மட்டும் தனியே நிற்கிறது. 1969இல் இருபது வயதுக்காரனுக்கு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அவனுடைய சொந்தக் கேள்வியும் நாட்டின் கேள்வியும் ஒன்றாகிவிட்டன. போருக்குப் போவதா, மறுப்பதா, கனடாவுக்கு ஓடுவதா? சாதாரணத் தலைமுறைக்கு ஒரு மேடு என்றால் இவர்களுக்கு மேட்டின்மேல் மேடு.

இதில் பாட்டு எங்கே வருகிறது? பாட்டு ஒரு தேதி முத்திரை. 1970 மே 4 அன்று ஓஹையோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், போர் கம்போடியாவுக்குப் பரவியதை எதிர்த்துக் கூடிய மாணவர்கள்மீது தேசியக் காவல் படை 13 நொடிகள் சுட்டது. 4 மாணவர்கள் செத்துப்போனார்கள். பத்திரிகையில் படங்களைப் பார்த்த ராக் பாடகர் நீல் யங் பாட்டு எழுதினார். மே 21 அன்று அவரது குழு ஒலிப்பதிவு செய்தது, ஜூனில் இசைத்தட்டு வந்துவிட்டது. அந்த வெயில்காலம் முழுக்க அந்தப் பாட்டு ரேடியோவில் ஓடியது. ஒரு பாட்டு ஒரு பருவத்தில் திரும்பத் திரும்ப ஒலித்துவிட்டு அப்புறம் அடங்கினால், அந்தப் பருவம் மொத்தமும் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. ஆண்டு முழுக்க, ஆயுள் முழுக்கக் கேட்கும் பாட்டுக்கு இந்தச் சக்தி குறைவு. எல்லாக் கதவுக்கும் பொருந்தும் சாவி எந்தக் கதவை நினைவுபடுத்தும்?

இந்தச் சாவி திரும்பும் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிளென் ஷெல்லன்பர்க் குழுவினர் 1999இல் பிரபலப் பாடல்களிலிருந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு நீளத் துணுக்குகளை வெட்டி, ஐந்து பாட்டுப் பெயர்களைக் கொடுத்து எது எது என்று பொருத்தச் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஒரு சுரம்கூட முழுதாக முடியாது. மெட்டு இல்லை, தாளம் இல்லை, சொல் இல்லை. ஆனாலும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார்கள். அதே துணுக்கைப் பின்னிருந்து முன்னாக ஓட்டியபோதும், உச்ச அதிர்வெண்களை வடிகட்டியபோதும் கோட்டைவிட்டார்கள். அப்படியானால் மூளை பிடித்தது அந்த ஒலியின் நிறத்தை.

அறுபதுகளின் ராக் இதற்கென்றே செய்தது போல இருக்கும். கிட்டாரிலிருந்து வரும் மின்னலையை ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்குமேல் ஏற்றினால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். வளைந்திருந்த அலை மொட்டையாகிறது. வெட்டுப்பட்ட முனைகளிலிருந்து மூல சுரத்தில் இல்லாத மேல் அதிர்வெண்கள் கிளம்புகின்றன. நம் காதுக்கு அது கரகரப்பு. எவ்வளவு வெட்டு, எந்த வால்வு, எந்த ஸ்பீக்கர் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு குழுவின் கரகரப்பும் வேறு. கைரேகை மாதிரி. அந்த ரேகையைத்தான் மூளை நொடியின் சிறு பங்கில் படித்துவிடுகிறது, பாட்டின் பெயர் நாக்குக்கு வரும் முன்பே.

அப்புறம் அது எங்கே போகிறது? கலிபோர்னியாவில் பீட்டர் ஜனாடா 2009இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வு ஒரு தடயம் தருகிறது. கல்லூரி மாணவர்களுக்கு அவர்களின் சிறுவயதுப் பாட்டுகளைப் போட்டபோது, சொந்த நினைவைக் கிளறிய பாட்டுக்கு நெற்றிக்குப் பின்னால் நடுவாக இருக்கும் முன்மூளைப் பகுதி கூடுதலாக வேலைசெய்தது. தன்னைப் பற்றி யோசிக்கும்போது வேலைசெய்யும் இடம் அது. அதே இடம் பாட்டின் சுருதி நகர்வையும் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. அல்சைமர் நோயில் சற்றுத் தாமதமாகச் சிதையும் பகுதிகளில் இதுவும் ஒன்று. பேரன் பெயர் மறந்த தாத்தா பழைய பாட்டுக்குச் சரியாகத் தாளம் போடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

நாம் வாழாத காலத்துக்கும் சின்ன மேடு உண்டு என்பது வேடிக்கை. கரோல் கிரம்ஹான்சல் 2013இல் இருபது வயது மாணவர்களைச் சோதித்தபோது, அவர்கள் பிறக்கும் முன்பு வந்த எண்பதுகளின் தொடக்கப் பாட்டுகளோடும் அறுபதுகளின் பாட்டுகளோடும் அவர்களுக்குக் கூடுதல் ஒட்டுதல் தெரிந்தது. ஒன்று பெற்றோரின் மேடு, மற்றது அநேகமாகத் தாத்தா பாட்டியுடையது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. அப்பா ஷேவிங் செய்துகொண்டே முணுமுணுத்த பாட்டுகள், நான் பிறப்பதற்குப் பல ஆண்டு முன்பு வந்தவை, எனக்கு வரிவரியாகத் தெரியும்.

தெளிவாக இருப்பதெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் தன் மாணவர்களிடம் எங்கே, யாரோடு இருந்தபோது செய்தி கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை ஆண்டுக்குமேல் கழித்து மறுபடி கேட்டபோது கால்வாசிப் பேர் எல்லா விவரத்தையும் தப்பாகச் சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். பழைய கையெழுத்தைக் காட்டிய பிறகும் சிலர் மசியவில்லை. நினைவை எடுக்கும்போதெல்லாம் மூளை அதைக் கொஞ்சம் திருத்தித்தான் திரும்ப வைக்கிறது.

வுட்ஸ்டாக் ராக் இசை விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969 ஆகஸ்ட், நியூயார்க் மாநிலத்து பெத்தெல் ஊரில் ஒரு பால்பண்ணை நிலம், சுமார் 4 லட்சம் பேர். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்கத் தேசிய கீதத்தைக் கிட்டாரில் குண்டுவீச்சும் அலறலுமாகக் கிழித்து வாசித்த காட்சி அந்தத் தலைமுறையின் பொது நினைவு. ஆனால் அவர் மேடையேறியது நிகழ்ச்சிகள் தள்ளித் தள்ளிப் போய் ஆகஸ்ட் 18, திங்கள் காலையில். பெரும்பாலான கூட்டம் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டிருந்தது. நேரில் கேட்டவர்களைவிட, அடுத்த ஆண்டு வந்த விழாப் படத்தில் திரையில் பார்த்தவர்களே அதிகம். போனவர்களில் சிலருக்கும் திரையில் கண்டது கண்ணால் கண்டதோடு கலந்திருக்கும்.

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் கச்சேரி நடத்தினார்கள். டாக்காவில் நாற்பது வயதுக்காரருக்கு இரண்டாவது மேடு எழும்பிக்கொண்டிருந்த அதே மாதத்தில், நியூயார்க்கில் இருபது வயதுக்காரருக்கு முதல் மேடு. ரவிசங்கரும் உடன் வாசித்தவர்களும் சுருதி சேர்த்து முடித்ததும், அதுவே ஒரு உருப்படி என்று நினைத்து அரங்கம் கைதட்டியது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்ததென்றால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இசைத்தட்டில் இன்றும் கேட்கிறது. அன்று கைதட்டியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டால், தான் தட்டவில்லை, பக்கத்து சீட்டுக்காரன்தான் தட்டினான் என்று முக்கால்வாசிப் பேர் சத்தியம் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.