இயக்குநீர்: ஹார்மோனுக்கு நம் சொல்

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். விதைநெல்லை வாங்கி வைத்துவிட்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மனசு உளையும். நடவு முடித்து வந்தவர் "கால் உளையுது" என்பார் இல்லையா, அதே உளைச்சல்தான். ஸ்ட்ரெஸ் என்பதற்கு எனக்குப் பிடித்த சொல் இது. 'மன அழுத்தம்' என்று எழுதினால், டிப்ரஷன் என்கிற மனச்சோர்வும் அதற்குள் வந்து குழம்பிவிடுகிறது.

உளைச்சலில், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. சுரப்பியின் வெளிப்பகுதியில் உண்டாவதால், மரப்பட்டையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான கார்டெக்ஸிலிருந்து வந்த பெயர் அது.

ஹார்மோன் என்ற சொல்லை 1905இல் லண்டனில் உடலியங்கியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் முன்வைத்தார். 'தூண்டி இயக்கு' என்ற பொருளுள்ள கிரேக்க வினை அதன் வேர். தமிழில் சுரப்புநீர், வளரூக்கி, இயக்குநீர் என மூன்றும் புழங்குகின்றன. சுரப்புநீர் என்றால் எச்சிலும் அதில் அடங்கும். வளரூக்கி வளர்ச்சியை மட்டும் சொல்கிறது, கார்டிசாலுக்குப் பொருந்தாது. இயக்குநீர்தான் சரி. மேட்டூரில் திறந்த தண்ணீர் வேதாரண்யம் பக்கத்து வயலுக்கு வேலை கொடுப்பதுபோல, ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தோடு போய், தொலைவில் இருக்கும் உறுப்பை இயக்குவது அது.

அப்புறம், டோபமின். பத்திரிகைகள் இதை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்கின்றன. மூளைக்குள் அது நரம்புக்கடத்தி. ஒரு நரம்பணு விட, பக்கத்து அணு வாங்கிக்கொள்ளும். அடுத்தடுத்த வயலுக்கு மடை திறந்துவிடுகிற மாதிரி.

மகிழ்ச்சி என்ற அடைமொழியும் பொருந்தவில்லை. 2004இல் வெளிவந்த மான்ட்ரியல் ஆய்வு ஒன்றில், நலமாக இருந்த கல்லூரி மாணவர்களை நெருக்கடியோடு மனக்கணக்குப் போடச் சொல்லி, மூளையைப் படம்பிடித்தார்கள். சிறுவயதில் தாயின் அரவணைப்பு குறைவாக இருந்ததாகச் சொன்னவர்களுக்கு டோபமின் கூடியது. மற்றவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. கார்டிசால் அதிகம் ஏறியவர்களுக்கு டோபமினும் அதிகம் வெளிப்பட்டிருந்தது. கார்டிசாலை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் டோபமின் நரம்பணுக்களிலேயே இருக்கின்றன என்பதால், இந்தத் தொடர்பு வியப்பில்லை. மாதக்கணக்கில் நீளும் உளைச்சலுக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. அங்கே டோபமினின் போக்கு மாறலாம்.

கார்டிசால், டோபமின் இரண்டும் வேதிப்பெயர்கள், அப்படியே இருக்கட்டும். முன்னதை உளைச்சல் இயக்குநீர் என்றும், பின்னதை நரம்புக்கடத்தி என்றும் எழுதலாம்.