கொறிகுறடு

வண்ணக் கண்ணாடிச் சன்னல் செய்வதை விளக்கும் தமிழ்க் குறிப்புகளில் 'வெட்டுக்குறடு' என்ற சொல் விடாமல் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் குரோசிங் பிளையர் எனப்படும் கருவிக்கு வைத்த பெயர் அது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

குரோசிங் என்பது, நொறுக்குதல் என்ற பொருள் தரும் டச்சு வினையிலிருந்து வந்த சொல். மூலத்திலேயே வெட்டு இல்லை.

வேலையிலும் இல்லை. கண்ணாடியை வெட்டும் கருவி வேறு: முன்பு வைர முனை, 19ஆம் நூற்றாண்டிலிருந்து சின்ன எஃகுச் சக்கரம். அது கீறிய கோட்டில் கண்ணாடியைப் பிளக்கிறார்கள். உள்வளைவு என்றால் பிளவு கோட்டோடு போகாது, ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துருத்தி நிற்கும். அங்கேதான் இந்தக் குறடு வருகிறது. சொரசொரப்பான அலகின் நுனியில் ஓரத்தைப் பிடித்து மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் கண்ணாடி மணி மணியாக உதிரும். இன்னொரு பிடி, இன்னும் கொஞ்சம். அணில் கொய்யாவைக் கொறிப்பதுபோல.

குறடாக மாறுவதற்கு முன் இது வெறும் இரும்புத் துண்டு. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிய தொழில்நூலில், ஒரு சாண் நீளம், இரு முனையும் வளைந்தது என்று வருகிறது. அன்று கண்ணாடியைப் பிளந்தது பழுக்கக் காய்ச்சிய இரும்பு. சரியான வடிவம் கொடுத்ததோ இந்தக் கொறிப்புதான். இடைக்காலச் சன்னலைப் பிரித்துப் பழுது பார்ப்பவர்கள் துண்டுகளைக் கோக்கும் ஈயப் பட்டைக்குள் ஒளிந்திருக்கும் கண்ணாடி ஓரத்தில் பல் பதிந்த மாதிரி சிறு குழிகளைப் பார்க்கிறார்கள். பின்னாளில் வைரத்தால் வெட்டிய ஓரம் அப்படி இருக்காது. பழைய துண்டா, பிறகு செருகியதா என்று சொல்ல இது ஒரு தடயம். இரண்டுக்கும் 'வெட்டு' என்றே எழுதினால் இந்த வேறுபாட்டை எப்படித் தமிழில் சொல்வது?

போதாக்குறைக்கு, வெட்டுக்குறடு என்றதும் நம் மனதில் வருவது எலெக்ட்ரீஷியன் பையிலிருக்கும் கட்டிங் பிளேயர். அதைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் துண்டு முழுக்க விரிசல் ஓடிவிடும்.

ஆகவே கொறிகுறடு. பழைய இரும்புக்குக் கொறியிரும்பு. நெல்லைப் பல்லால் உமி நீக்கித் தின்பதைக் கொறித்தல் என்கிறோம்; சிறிது சிறிதாக, ஓரத்திலிருந்து என்ற இரண்டு பொருளும் அதிலேயே இருக்கின்றன. தின்பண்டத்துக்கான சொல் தொழில்நுட்பத்துக்கு ஆகாது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நம் யாப்பிலக்கணக்காரர்களுக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை. ஓசை குறைந்த இடத்தில் அசை கூட்டி ஒட்டிய வெண்பாவுக்கு 'ஆசிடை' என்று பெயர் வைத்தார்கள். ஆசு என்பது உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசு. அதே பற்றாசுதான் சன்னலின் ஈயப் பட்டைகளை மூலைக்கு மூலை இணைக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களோ அதற்கும் 'இணைப்பு உலோகக் கலவை' என்று மூன்று சொல் செலவழிக்கிறார்கள்.