இருபதும் பத்தும் முப்பது இல்ல: வெளிநாட்டுச் சாமானுக்கு மலேசியாவுல வரி எப்படி ஏறுது

பட்டர்வொர்த்துல எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, வீட்டு ஹால்லயே ரிங் லைட்டு வச்சு ராத்திரி ஒம்போது மணிக்கு லைவ் போட்டு சாமான் விக்கிறவங்க, போன மாசம் வாட்ஸாப்ல ஒரு பில்லு ஃபோட்டோ அனுப்பி "தம்பி, இந்த ஏஜென்ட் என்னைய ஏமாத்திட்டானான்னு பாரு"ன்னாங்க. கூடவே அவங்க கணக்கு நோட்டு ஃபோட்டோவும் இருந்துச்சு, பென்சில்ல "டூட்டி 20, டேக்ஸ் 10, மொத்தம் 30"னு எழுதி அடிக்கோடு போட்டிருந்தாங்க. ஏஜென்ட் ஏமாத்தல, நோட்டுதான் தப்பு. நான் பிறையில ஃபார்வர்டிங் ஆபீஸ்ல, அதாவது வெளிநாட்டுச் சாமான கஸ்டம்ஸ்லேர்ந்து எடுத்துக் கொடுக்குற இடத்துல, டெய்லி இந்த பில்லுதான் போட்டுக்கிட்டு இருக்கேன், வாரத்துக்கு நாலு பேராவது இதே கேள்வி கேக்குறாங்க, அதான் ஒரே தடவையா எழுதிடலாம்னு.

மலேசியாவுக்குள்ள வர்ற சாமானுக்கு பொதுவா ரெண்டு வரி இருக்கு. ஒன்னு இம்போர்ட் டூட்டி, கஸ்டம்ஸ்ல சாமான டிக்ளேர் பண்ற கே-1 ஃபாரத்துல டுத்தி இம்போர்ட்னு இருக்கும். இன்னொன்னு சேல்ஸ் டேக்ஸ், சுக்காய் ஜுவாலான். டூட்டி போடுறது நீங்க சப்ளையருக்குக் கட்டின விலை மேல மட்டும் இல்ல, அதோட கப்பல் இல்லன்னா ஃபிளைட் வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் சேத்து வர்ற தொகை மேல, அதத்தான் சிஐஎஃப்னு சொல்றோம். அப்புறம் சேல்ஸ் டேக்ஸ் போடுறது அந்த சிஐஎஃப் மேல மட்டுமா? இல்ல, சிஐஎஃப் கூட டூட்டியவும் கூட்டி அதுக்கு மேல. அதாவது வரிக்கு வரி.

கணக்கா பாத்தா சுலபமா புரியும். நூறு பீஸ், ஒன்னு 30 வெள்ளி (ரிங்கிட்), ஆக 3,000 வெள்ளி. ஃபிரைட் 450, இன்ஷூரன்ஸ் 50, சிஐஎஃப் 3,500. டூட்டி 20%னு வச்சுக்குவோம், 700 வெள்ளி. இப்ப 4,200 ஆச்சா, அதுல 10% சேல்ஸ் டேக்ஸ் 420. மொத்த வரி 1,120 வெள்ளி. அக்கா நோட்டுப்படி 3,000-க்கு 30%, 900 வெள்ளிதான், 220 வெள்ளி துண்டு விழுது. சப்ளையருக்குக் கொடுத்த காச வச்சுப் பாத்தா வரி மட்டும் 37 பர்சென்டுக்கு மேல. பீஸ் ஒன்னு கைக்கு வர்றப்ப 46 வெள்ளி 20 காசு, இதுல ஏஜென்ட் கூலியும் லோரி கூலியும் இன்னும் சேக்கல, அந்த பில்லுலயும் சர்வீஸ் டேக்ஸ் இருக்கும், 2024 மார்ச் 1-லேர்ந்து பொதுவான ரேட் 8%, லாஜிஸ்டிக்ஸ் மாதிரி சில வேலைக்கு 6%.

டூட்டி எத்தனை பர்சென்ட்னு எச்எஸ் கோட்தான், அதாவது ஒவ்வொரு வகைச் சாமானுக்கும் கஸ்டம்ஸ்ல இருக்குற நம்பர்தான், முடிவு பண்ணும், நம்ம இஷ்டத்துக்கு இல்ல. துணியா சுருட்டி வந்தா ஒரு கோட், அதே துணி தைச்சு வந்தா வேற கோட், கவரிங் நகைக்கு வேற, பித்தள விளக்குக்கு வேற. சில சாமானுக்கு டூட்டியே சைபர், ஆனா சேல்ஸ் டேக்ஸ் உண்டு. 2025 ஜூலை 1-ல எஸ்எஸ்டி (சேல்ஸ் டேக்ஸும் சர்வீஸ் டேக்ஸும் சேந்தது) லிஸ்ட்ட மாத்தினப்ப முன்ன வரி இல்லாத நெறைய சாமான் 5%, 10%னு உள்ள வந்துடுச்சு, பட்டுத் துணிக்கு 5%னு அறிவிச்சதும் அப்பதான், ஆப்பிள் ஆரஞ்சு பேரீச்சம்பழத்துக்கு எல்லாரும் சத்தம் போட்டதால கடைசி நேரத்துல விட்டுட்டாங்க, பட்டுக்கு யாரு சத்தம் போடுறது. அதனால மூணு வருஷத்துக்கு முன்ன வாங்கின அதே சாமான்தானேன்னு பழைய ரேட்ட நம்பிக் கணக்குப் போடாதீங்க. கஸ்டம்ஸ் வெப்சைட்லயே எச்எஸ் கோட் தேடலாம், காசு கிடையாது. ரெண்டு கோட்டுல எதுன்னு சந்தேகம்னா சாமான் வர்றதுக்கு முன்னாடியே கஸ்டம்ஸ்கிட்ட ரூலிங் கேட்டு வாங்கிக்கலாம்.

இப்ப சின்ன பார்சல் கத. முன்னெல்லாம் 500 வெள்ளிக்குள்ள ஃபிளைட் கூரியர்ல வந்தா டூட்டியும் இல்ல டேக்ஸும் இல்ல, அதனாலயே 499 வெள்ளின்னு உடைச்சு உடைச்சு வரவச்சவங்கள எனக்குத் தெரியும். 2024 ஜனவரி 1-லேர்ந்து எல்விஜி டேக்ஸ் (லோ வேல்யூ கூட்ஸ், விலை கம்மியான சாமான்)னு வந்துடுச்சு, ஆன்லைன்ல வாங்குற 500 வெள்ளிக்குள்ள உள்ள வெளிநாட்டுச் சாமானுக்கு 10%. இத கஸ்டம்ஸ் கவுன்டர்ல கட்டுறது இல்ல, விக்கிற இடத்துலயே பிடிச்சுடுவாங்க, 12 மாசத்துல 5 லட்சம் வெள்ளிக்கு மேல இப்படி சாமான் வித்தா அந்த பிளாட்ஃபார்மோ (ஆன்லைன் கடை ஆப்) விக்கிறவங்களோ ரெஜிஸ்டர் பண்ணியாகணும். இதுல ஒரே நல்ல விஷயம், 10% சாமான் விலைக்கு மட்டும்தான், போஸ்டேஜ், இன்ஷூரன்ஸ் சேராது. 120 வெள்ளி சாமான்னா 12 வெள்ளி, அவ்வளவுதான். சிகரெட், மது, வேப் மாதிரி ஐட்டத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது வேற வழி.

விலைய கம்மியா எழுதச் சொல்றது, "கிஃப்ட்"னு போடச் சொல்றது, இதெல்லாம் சப்ளையரே செய்யட்டுமான்னு கேப்பாங்க. வேணாம்னு சொல்லிடுங்க. 1967 கஸ்டம்ஸ் சட்டப்படி பொய்யா டிக்ளேர் பண்றது குத்தம், மாட்டினா சப்ளையர் சென்னையில ஜாலியா இருப்பான், ஃபாரத்துல இருக்குறது உங்க பேரு.

அக்காவுக்கு ரொம்பக் கோவம் வந்தது எதுக்குன்னா, "சரி வரி கட்டிட்டேன், திருப்பி கிளெய்ம் பண்ண முடியாதா, ஜிஎஸ்டி அப்ப பண்ணாங்களே"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். 2015 ஏப்ரல்லேர்ந்து 6% ஜிஎஸ்டி இருந்தப்ப ரெஜிஸ்டர் பண்ணின யாவாரி வாங்கும்போது கட்டினத விக்கும்போது வாங்கினதுல கழிச்சுக்கலாம். 2018 ஜூன் 1-ல அத சைபர் ஆக்கி செப்டம்பர் 1-ல எஸ்எஸ்டி திரும்ப வந்துச்சு, எஸ்எஸ்டி ஒரே கட்டத்துல பிடிக்கிற வரி, வாங்கி விக்கிறவனுக்குக் கழிவு கிடையாது. கட்டினது கட்டினதுதான், அசல்ல சேந்துடும். இன்னொன்னு, நீங்க தயாரிக்கிறவங்க இல்ல, வாங்கி விக்கிறவங்க, அதனால கஸ்டமருக்குக் கொடுக்குற பில்லுல "எஸ்எஸ்டி 10%"னு தனியா ஒரு வரி எழுதி வாங்கவும் முடியாது. விலைக்குள்ளயே அடக்கணும், அங்கதான் அடுத்த அடி விழுது. மேல பீஸ் ஒன்னுக்கு வந்த அந்த 46.20-ல 11.20 வரி. நீங்க 70 வெள்ளிக்கு போடுறீங்க, பிளாட்ஃபார்ம் கமிஷன் 10%னு வச்சுக்குவோம், 7 வெள்ளி, அதுக்கு சர்வீஸ் டேக்ஸ் 56 காசு. அந்தக் கமிஷன்ல 1 வெள்ளி 12 காசு நீங்க அரசாங்கத்துக்குக் கட்டின வரிக்கு பிளாட்ஃபார்ம் எடுத்துக்கிற பங்கு. யாரும் இத பில்லுல தனியா காட்ட மாட்டாங்க.

சரி, குறைக்க வழி என்னன்னா, டூட்டிய குறைக்கலாம். சாமான் எங்க செஞ்சதுங்கிற சர்டிஃபிகேட் இருந்தா மலேசியாவோட வியாபார ஒப்பந்தம் இருக்குற நாட்டுக்கான ரேட் கிடைக்கும், நெறைய சாமானுக்கு அது சைபர் இல்லன்னா ரொம்பக் கம்மி. இந்தியாவுலேர்ந்து வந்தா ஃபார்ம் ஏஐ, சீனாவுலேர்ந்துன்னா ஃபார்ம் ஈ, ஆசியான் நாடுன்னா ஃபார்ம் டி. மேல போட்ட கணக்குல டூட்டி சைபர் ஆச்சுன்னா சேல்ஸ் டேக்ஸ் 3,500-க்கு 350 மட்டும்தான், பீஸ் 38 வெள்ளி 50 காசுல நிக்கும். ஒரு ஃபாரத்துக்கு 770 வெள்ளி மிச்சம், டூட்டி 700, அந்த டூட்டி மேல ஏறியிருக்க வேண்டிய டேக்ஸ் 70.

ஆனா சாமான் எங்கேருந்து கப்பல் ஏறுதுங்கிறது கணக்கு இல்ல, எங்க செஞ்சதுங்கிறதுதான் கணக்கு. சீனாவுல செஞ்ச வளையல சென்னையில வாங்கி அனுப்பினா ஃபார்ம் ஏஐ கிடைக்காது. அப்புறம் இந்த ஃபாரத்த எடுக்குறது சப்ளையர் வேலை, அவங்க ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், சாமான் ஏறுற சமயத்துலயே எடுக்கணும், பின்னாடி எடுக்க வழி இருந்தாலும் அலைச்சல். சின்ன சப்ளையர் பல பேரு "அதெல்லாம் வேணாம்மா, நான் விலையில பாத்துப் போடுறேன்"னு சொல்வாங்க, அவங்க குறைக்கிற அம்பது வெள்ளிக்கும் நீங்க இங்க கட்டுற எழுநூறுக்கும் சம்பந்தமே இருக்காது. அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க, போட்ட பிறகு கேட்டா யாரு கேப்பாங்க.

ஜார்ஜ்டவுன்லேர்ந்து அமெரிக்காவுக்கு நகை, கைவேலை அனுப்புறவங்களும் கேக்குறாங்க. அங்க முன்ன 800 டாலருக்குள்ள வரி இல்ல, சீன, ஹாங்காங் சாமானுக்கு அத 2025 மே 2-லயும் மத்த எல்லா நாட்டுக்கும் ஆகஸ்ட் 29-லயும் நிறுத்திட்டாங்க. அங்கயும் செஞ்ச நாடுதான் கணக்கு, பினாங்குல பேக் பண்ணினதால சீன மணிமாலை மலேசியா சாமான் ஆகாது. சீனச் சாமானுக்கு அந்த வருஷம் ஏப்ரல்ல புது வரி ஒன்னு மேல ஒன்னா ஏறி 145%-க்குப் போய் மே மாசம் 30%-க்கு இறங்குச்சு, பழைய வரியெல்லாம் அது போக தனி. ஒரு வித்தியாசம், அங்க ஒவ்வொரு வரியும் சாமானோட அதே மதிப்பு மேலதான் தனித்தனியா போடுறாங்க, கடல் வாடகையும் அதுல சேராது, அதனால அங்க இருபதும் பத்தும் முப்பதுதான். ரேட் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு, அனுப்புற வாரம் ஒரு தடவ பாத்துட்டு விலை போடுங்க.

அக்கா இப்ப அடுத்த லாட்டுக்கு சப்ளையர்கிட்ட ஃபார்ம் ஏஐ கேட்டிருக்காங்க. அவரு "நாளைக்கு சொல்றேன்"னு சொல்லி ஆறு நாளாச்சு, அட்வான்ஸ் இன்னும் போடல.