ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தல்: சொல் விளக்கம்

கடவுளுக்கும் உலகுக்கும் என்ன உறவு என்று கேட்டால், கிறிஸ்தவ இறையியல் முதலில் எடுத்துவைக்கும் தொடர் ‘கிரெயாசியோ எக்ஸ் நிஹிலோ’ என்ற இலத்தீன் தொடர். தமிழில் இது ‘ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தல்’, ‘இன்மையிலிருந்து படைப்பு’, சில நூல்களில் ‘சூனியத்திலிருந்து சிருஷ்டி’ என்று வழங்குகிறது. மூன்றிலும் ஒரே இடத்தில் கால் இடறுகிறது: ‘இலிருந்து’ என்ற உருபில். பாலிலிருந்து தயிர், மண்ணிலிருந்து பானை என்று பழகிய காதுக்கு, ‘ஒன்றுமில்லாமை’ என்று ஏதோ ஒரு சரக்கு முன்பே இருந்ததாகவும், அதை எடுத்துக் கடவுள் உலகைச் செய்ததாகவும் கேட்கிறது. தொடர் சொல்ல வருவது இதற்கு நேர் எதிர்.

முதலில் இலத்தீன் சொற்கள். ‘கிரெயாரே’ என்ற வினைக்குப் பெறுதல், விளைவித்தல் என்பது பழம்பொருள். ‘வளர்தல்’ என்ற பொருள்தரும் ‘கிரெஸ்கெரே’ இதன் உறவுச்சொல். உரோமரின் தானிய தேவதை ‘கேரேஸ்’ பெயரும் இந்த வேரோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. உரோமில் ஒருவரைக் கான்சல் என்ற தலைமை ஆட்சிப் பதவிக்குத் தேர்ந்தெடுப்பதையும் இதே வினையால் சொன்னார்கள். ஆக, ‘எதுவும் இல்லாமல் உண்டாக்குதல்’ என்ற பொருள் இந்த வினைக்குள் இயல்பாக இல்லை. அதனால்தான் ‘எக்ஸ் நிஹிலோ’ என்று ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ‘நிஹில்’ என்பது ‘நே’ (இல்லை), ‘ஹீலும்’ (அற்பத் துணுக்கு) இரண்டும் சேர்ந்தது. பயறின்மேல் ஒட்டியிருக்கும் சிறு துணுக்கே ‘ஹீலும்’ என்று பழைய உரோம இலக்கணிகள் விளக்கினார்கள். விதையின் கண்ணுக்குத் தாவரவியலில் இன்றும் அதுதான் பெயர். நாம் ‘எள்ளளவும் இல்லை’ என்கிறோமே, அதே வழக்கு.

விவிலியத்தில் இந்தத் தொடர் அப்படியே எங்கும் இல்லை. ஆதியாகமம் 1:1இல் உள்ள எபிரேய வினை ‘பாரா’. அதன் அடிப்படை வடிவத்துக்குக் கடவுள் மட்டுமே எழுவாயாக வருவார். எதைக் கொண்டு செய்தார் என்று மூலப்பொருளையும் அந்த வினையோடு சேர்த்துச் சொல்வதில்லை. அதே அதிகாரத்தில் ‘ஆசா’ (செய்தல்), அடுத்த அதிகாரத்தில் ‘யாட்சார்’ (குயவன் வனைவதுபோல் உருவாக்குதல்) என்று வேறு வினைகளும் வருகின்றன. 1871இல் வெளிவந்த தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பு இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காத்திருக்கிறது. ‘பாரா’ வரும் 1:1, 1:21, 1:27 மூன்றிலும் ‘சிருஷ்டித்தார்’. ‘ஆசா’ வரும் 1:26இல் ‘உண்டாக்குவோமாக’. மண்ணால் மனிதனைச் செய்யும் 2:7இல் ‘உருவாக்கி’. மூலமொழி தெரியாத வாசகரும் இந்த மூன்றையும் வைத்தே எபிரேய வினையைக் கண்டுபிடித்துவிடலாம். எவ்வளவு பாராட்டினாலும் தகும் வேலை இது.

ஆனால் ‘பாரா’ என்றாலே மூலப்பொருள் இல்லை என்று வாதிடுவது தவறு. பலர் இதைச் செய்கிறார்கள். 1:27இல் ‘பாரா’ என்று சொல்லப்பட்ட மனிதனே 2:7இல் மண்ணால் ஆனவன். ‘சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்’ என்ற 51ஆம் சங்கீதத்திலும் ‘பாரா’தான் வருகிறது. முன்பு எவரும் செய்யாத புதுமை என்பதையே அந்த வினை உறுதியாகத் தருகிறது.

1:1ஐ வாக்கியமாகப் பிரிப்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘சிருஷ்டித்தார்’ என்று முற்றுப்புள்ளி விழுகிறது. 1995இன் பொது மொழிபெயர்ப்போ ‘படைத்தபொழுது’ என்று அடுத்த வசனத்தோடு இணைக்கிறது. முதல் வாசிப்பில் ஒழுங்கற்ற பூமி படைப்பின் முதல் கட்டம். இரண்டாவது வாசிப்பில், உருவற்ற அந்த மண்ணுலகு படைப்புக்கு முன்பே கிடந்ததா என்ற கேள்விக்கு இடம் கிடைக்கிறது. இலக்கணப்படி இரண்டும் முடியும். ஆகவே இந்தக் கொள்கையை ஆதியாகமத்தின் முதல் வரியில் மட்டும் ஏற்றிவைப்பது பலவீனமான வாதம்.

தெளிவான சாட்சி 2 மக்கபேயர் 7:28இல் இருக்கிறது. எழுவரைப் பெற்ற தாய், சாகப்போகும் கடைசி மகனிடம், வானையும் மண்ணையும் கடவுள் ஏற்கெனவே இருந்தவற்றைக் கொண்டு உண்டாக்கவில்லை என்று சொல்லித் தேற்றுகிறாள். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள இந்நூல் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இல்லை. அதே கத்தோலிக்கத் தொகுப்பில் சாலமோனின் ஞானம் 11:17 உருவற்ற பொருளிலிருந்து உலகம் படைக்கப்பட்டது என்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. புதிய ஏற்பாட்டில் ரோமர் 4:17, எபிரெயர் 11:3 இரண்டும் இந்தக் கருத்தை நோக்கிச் சாய்கின்றன.

கொள்கையாக இது கூர்மைப்பட்டது 2ஆம் நூற்றாண்டில். பிளேட்டோவின் உலகச் சிற்பி, இருந்த பொருளை ஒழுங்குபடுத்துகிறவர். யுஸ்தீன் போன்ற தொடக்கக்காலக் கிறிஸ்தவர்களும் உருவற்ற பொருளிலிருந்து உலகம் வந்தது என்று பேச அஞ்சவில்லை. அந்தியோக்கியாவின் தியோபிலு, ஏறத்தாழ 180இல், இதை மறுத்தார்: கைவினைஞனும் பொருள் கிடைத்தால் விரும்பியதைச் செய்வான், கடவுளும் அப்படித்தான் என்றால் அவருடைய வல்லமையில் தனியாக என்ன இருக்கிறது? லியோன் நகர இரேனேயுவும் இதே பக்கம் நின்றார். ஏறத்தாழ அதே காலத்தில் எர்மோகேனெஸ் என்பவர் வழக்கை மும்முனையாக வைத்தார்: கடவுள் தம்மிலிருந்து படைத்திருக்க வேண்டும், அல்லது இன்மையிலிருந்து, அல்லது வேறொரு பொருளிலிருந்து. முதலாவது என்றால் கடவுள் துண்டாவார். இரண்டாவது என்றால் உலகிலுள்ள தீமைக்கு அவரே பொறுப்பாவார். எனவே மூன்றாவதே சரி என்றார். இலத்தீன் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனின் பதில்: அநாதியான பொருள் ஒன்று உண்டென்றால் கடவுளுக்கு நிகராக இன்னொன்றை வைத்தாயிற்று.

தமிழ் வாசகருக்கு இந்த வழக்கு புதிதல்ல. சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரிக்கிறது: குடத்துக்குக் குயவன் நிமித்த காரணம், மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம். உலகுக்கு இறைவன் நிமித்த காரணம், மாயை என்ற சடப்பொருள் முதற்காரணம், இறைவனின் ஆற்றலாகிய சத்தி துணைக்காரணம். இல்லது தோன்றாது என்பது அதன் உறுதி. மாயை அநாதியாயினும் சடம், இறைவனுக்கு நிகரன்று என்பது தெர்த்துல்லியன் எழுப்பியது போன்ற ஐயத்துக்குச் சித்தாந்தம் தரும் விடை. கிறிஸ்தவக் கொள்கையைச் சித்தாந்தச் சொற்களில் துல்லியமாகச் சொல்லலாம்: உலகுக்கு நிமித்த காரணம் உண்டு, முதற்காரணம் இல்லை. ஒரு பக்க விளக்கம் செய்யாததை இந்த ஒரு வரி செய்கிறது. ‘காரணமே இல்லாமல் உலகம் வந்தது என்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டும் இதில் விழுந்துவிடும்; விலக்கப்பட்டது மண்தான், குயவன் அல்ல.

‘இன்மை’ ஒரு பொருளா என்று இலத்தீன்காரர்களே குழம்பியிருக்கிறார்கள். 800ஐ ஒட்டி, சார்லமேன் அரசவையோடு தொடர்புடைய பிரெடெகிஸ் என்பவர், பெயர்ச்சொல் எல்லாம் ஏதோ ஒன்றைக் குறிக்கும், ‘நிஹில்’ பெயர்ச்சொல், ஆகவே அதுவும் ஏதோ ஒன்று என்று எழுதினார். முடிச்சை அவிழ்த்தவர் 11ஆம் நூற்றாண்டின் ஆன்செல்ம். ‘ஒன்றுமில்லாததிலிருந்து’ என்பதற்கு மூன்று பொருள் காட்டினார். ஒன்று, செய்யப்படவே இல்லை என்பது. இரண்டு, ‘ஒன்றுமில்லாதது’ என்ற பொருளால் செய்யப்பட்டது என்பது, இது முரண். மூன்று, செய்யப்பட்டது, ஆனால் எதனாலும் ஆனதன்று என்பது. காரணமின்றி வருந்துகிறவனைப் பற்றி ‘ஒன்றுமில்லாததற்கு வருந்துகிறான்’ என்கிறோமே, அதைப்போல என்றார். இந்த எடுத்துக்காட்டு தமிழுக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. ‘ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபப்படுகிறாள்’ என்றால் ‘ஒன்றுமில்லாதது’ என்ற பொருள்மீது கோபம் என்று யாரும் எண்ணுவதில்லை.

இன்னொரு பக்கத்திலும் வேலி போட வேண்டும்: உலகம் கடவுளிலிருந்து வழிந்ததும் அல்ல. அகுஸ்தினார் இதற்கு இரண்டு இலத்தீன் முன்னிடைச்சொற்களைப் பிரித்துக் காட்டினார். ஒருவனுக்கு மகன் பிறந்தால் மகன் அவனால் வந்தவன், அவன் தன்மையாலும் ஆனவன். அவன் வீடு கட்டினால் வீடு அவனால் வந்தது. ஆனால் அவனால் ஆனதன்று, மண்ணாலும் மரத்தாலும் ஆனது. உலகம் கடவுளால் வந்தது, அவருடைய சாரத்தால் ஆனதன்று. இங்கே மண்ணும் மரமும்கூட அவர் உண்டாக்கியவையே. ரோமர் 11:36இல் கிரேக்கம் ‘அவரிலிருந்து’ என்று சொல்லுமிடத்தில் ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘சகலமும் அவராலும்’ என்று மூன்றாம் வேற்றுமையைப் போட்டிருக்கிறது. வழிதல் என்ற நிறம் இதில் ஏறவில்லை. 325இன் நிசேயா சங்கத்தின் தகராறும் இதே எல்லைக்கோட்டில் நடந்தது: மகனாகிய கிறிஸ்து ‘இல்லாதவற்றிலிருந்து’ வந்தவர் என்றது ஆரியு தரப்பு, பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்றது சங்கம்.

இங்கேதான் ‘சிருஷ்டி’ என்ற சொல்லைப் பற்றிய என் தயக்கம். வடமொழி ‘ஸ்ருஜ்’ வேருக்கு வெளிவிடு, பொழி என்பது பொருள். முண்டக உபநிடதத்தில் சிலந்தி தன்னிடமிருந்து நூலை வெளிவிட்டு மீண்டும் உள்ளிழுக்கும் உவமையில் வருவதும் இதே வேர்தான். கிறிஸ்தவம் மறுக்கும் படிமமே அச்சொல்லின் அடியில் இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டாகச் சபைகளில் புழங்கி அந்த நிறம் மங்கிவிட்டது உண்மை. ஜெபத்திலும் பாட்டிலும் அதை மாற்றத் தேவையில்லை. புதிதாக எழுதும் விளக்க நூலில் ‘படைத்தல்’ மேல்.

‘படை’ தமிழில் பழைய சொல். உலகத்தின் ஏற்றத்தாழ்வைக் கண்டு நொந்து ‘படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்’ என்கிறது புறநானூறு 194. சோறு படைத்தல், செல்வம் படைத்தவன், சாதனை படைத்தான் என்று அதற்குப் பல முகங்கள். எதிலும் வெளிவிடுதல் என்ற சாயல் இல்லை. குறை ஒன்று உண்டு: படைத்தல், காத்தல், அழித்தல் என்ற வரிசையில் கேட்டுப் பழகியதால், திரும்பத் திரும்ப நடக்கும் சுழற்சியின் முதல் தொழிலாக அது ஒலிக்கும். விளக்கும்போது இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நேர்ச்சொல் எது? ‘சூனியம்’ முதலில் விலக்க வேண்டியது. பூச்சியம், பௌத்தத்தின் சூனியக் கொள்கை, செய்வினை என்று மூன்று பாரம் அதற்கு. ‘முதற்பொருளின்றி’ என்றால் இலக்கணம் சரி, ஆனால் முதற்பொருள் என்பது இறைவனையே குறிக்கும் சொல்லாதலால் ‘கடவுள் இல்லாமல்’ என்று தலைகீழாகிவிடும். ‘மூலப்பொருளின்றிப் படைத்தல்’ என்பதே என் தேர்வு. பட்டறையிலும் தொழிற்சாலையிலும் புழங்கும் சொல், பொருள் மயங்காது. ‘இலிருந்து’ போய் ‘இன்றி’ வருகிறது. இலத்தீன் தொடரும் உண்மையில் ஒரு மறுப்புத்தான். பழகிய ‘ஒன்றுமில்லாமையிலிருந்து’ என்பதை மேற்கோளில் விட்டுவைத்து, முதல் முறை வரும்போது ‘அதாவது மூலப்பொருள் எதுவுமின்றி’ என்று அருகில் எழுதினால் போதும்.

1215இன் நான்காம் இலாத்தரன் சங்கமும் 1870இன் முதல் வத்திக்கான் சங்கமும் இக்கொள்கையை அறிக்கையிட்டன; புராட்டஸ்டண்ட் தரப்பின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இதையே சொல்கிறது. பிற்காலப் பரிசுத்தவான்களின் சபையினரும் (மார்மன்கள்), கடவுளும் உலகோடு சேர்ந்து மாறிவருகிறார் என்னும் செயல்முறை இறையியலாளர்களும் இதை ஏற்பதில்லை. ஆகவே ‘எல்லாக் கிறிஸ்தவர்களும்’ என்று எழுதக் கூடாது.

பெருவெடிப்போடு இதைச் சேர்த்துக் கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. 1951இல் பாப்பரசர் 12ஆம் பயஸ் அந்தத் திசையில் பேசினார். அந்தக் கோட்பாட்டின் முன்னோடியும் குருவானவருமான ஜார்ஜ் லெமேத்ர், இயற்பியல் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்கிறது என்ற நிலையில் உறுதியாக இருந்தார். காரணம் தெளிவு. இயற்பியல் விவரிப்பது ஒரு நிலை இன்னொரு நிலையாவதை. படைப்பு மாற்றமே அன்று என்கிறார் தாமஸ் அக்குவினாஸ். மாற்றத்துக்கு முன்பே இருக்கும் ஒரு பொருள் வேண்டும், இங்கே அது இல்லை. உலகம் தொடக்கமின்றி இருந்திருந்தாலும் கடவுளால் படைக்கப்பட்டதாகவே இருக்க முடியும், தொடக்கம் உண்டு என்பதை இறைவெளிப்பாட்டால் அறிகிறோம் என்றும் அவர் வாதிட்டார்.

ஆகவே ‘படைத்தார்’ என்ற இறந்தகாலம் மட்டும் இந்தச் சொல்லுக்குப் போதாது. கொத்தனார் போன பிறகும் வீடு நிற்கும். சூரியன் மறைந்தால் காற்றில் இருந்த வெளிச்சம் நிற்காது. உலகம் இரண்டாவது வகை என்பது அக்குவினாஸின் உவமை. இதற்குத் தமிழ் வேதாகமத்திலேயே சொல் இருக்கிறது, எபிரெயர் 1:3இல்: ‘தாங்குகிறவர்’.